பிராக்ஸ்மாக்ஸ் சர்வரில் ரேம் பத்தவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஆபீஸில் 64 ஜிபி ரேம் உள்ள சர்வரில் பிராக்ஸ்மாக்ஸ் 7 (ஒரே சர்வருக்குள் தனித்தனி கம்ப்யூட்டர்கள்போல பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு ஐந்து விர்ச்சுவல் மெஷின்களுக்கு மொத்தம் 48 ஜிபி ஒதுக்கியிருக்கிறேன். ராத்திரி பேக்கப் ஓடும்போது அக்கவுண்ட்ஸ் விண்டோஸ் மெஷின் மட்டும் நின்றுவிடுகிறது. லாகில் 'அவுட் ஆஃப் மெமரி'. காலையில் அக்கவுண்ட்ஸ் அக்காவின் போனில்தான் கண் விழிக்கிறேன்.

டிஸ்க்கை நிர்வகிக்கும் ஃபைல் சிஸ்டமான இசட்எஃப்எஸ், இந்தப் பதிப்பில் தன் ஏஆர்சி கேஷுக்கு (டிஸ்க்கில் படித்த டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) ரேமில் பாதிவரை எடுத்துக்கொள்ளுமாம். 48-ம் 32-ம் சேர்ந்தால் 80. இதைக் கணக்கில் சேர்க்காதது என் தப்புதான். ஏஆர்சி உச்சவரம்பை 8 ஜிபி ஆக்கலாமா? 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, மிரர் (இரண்டிலும் ஒரே டேட்டா), எஸ்எஸ்டி கிடையாது. வேகம் ரொம்ப அடிவாங்குமா? அப்புறம், விண்டோஸில் பலூனிங் (மெஷின் பயன்படுத்தாத ரேமை சர்வர் திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதி) வைத்து ஓட்டுபவர்கள் யாராவது இருக்கிறீர்களா?