டெஸ்டிஸ் ஸ்லைடுல செகண்டரி ஸ்பெர்மட்டோசைட் சிக்கவே மாட்டேங்குதுங்க

கோபி_தமிழ்மீடியம்:
வணக்கமுங்க. ரெண்டாவது வருஷம் விலங்கியல், புதன்கிழமை ஹிஸ்டாலஜி (திசுவ மைக்ராஸ்கோப்புல பாக்கறது) பிராக்டிகல். எலி டெஸ்டிஸ் (விந்தகம்) ஸ்லைட வெச்சுட்டு அரை நாளா உக்காந்திருக்கேன், விந்து உண்டாகற குழலோட ஓரத்துல ஸ்பெர்மட்டோகோனியாங்கற மூல செல்லு, அதுக்கு உள்பக்கம் அதுலருந்து வந்த குண்டு குண்டு பிரைமரி ஸ்பெர்மட்டோசைட், நடுவுல வாலோட விந்தணு எல்லாம் தெரியுது, பிரைமரி பிரிஞ்சு வர்ற செகண்டரி மட்டும் எங்க தேடியும் காணோம். புஸ்தகத்துப் படத்துல மட்டும் வரிசையா போட்டிருக்காங்க. ஸ்லைடு பழசா, எனக்குத்தான் கண்ணு தெரியலையா? இன்னொன்னுங்க, பூனை ஓவரில (அண்டகம்) வெளிய ஒரு வரிசை செல்லு இருக்குதே, ஜெர்மினல் எபிதீலியம்னு, முட்டை அதுலருந்துதான் வருதுன்னு ரெக்கார்டுல எழுதுனேன், மேடம் சிவப்பு மையில சுழிச்சுட்டாங்க. பன்னண்டாவது வரைக்கும் விந்தகம், அண்டகம்னு படிச்சவனுக்கு பேரைக் கேட்டாலே பாதி உசுரு போயிருது.

பழைய_லேப்காரர்:
ஸ்லைடும் பழுதில்ல, நீயும் குருடில்ல தம்பி. ஈரோடு பஸ் ஸ்டாண்ட மேலருந்து ஒரு போட்டோ புடிச்சா, அரை மணி நேரம் நிக்கற பஸ்ஸுதான் நெறைய விழும், ஆளை எறக்கிட்டு உடனே கெளம்பறது விழுறது அபூர்வம். ஸ்லைடும் அப்படித்தான். மனுஷனுக்கு ஒரு விந்தணு தயாராக கிட்டத்தட்ட 64 நாள், அதுல பிரைமரி மட்டும் மியோசிஸோட (குரோமோசோம பாதியாக்கற செல் பிரிவு) ஆரம்பக் கட்டமான முதல் ப்ரோஃபேஸ்லயே மூணு வாரத்துக்கு மேல குந்தியிருக்கும். செகண்டரி சில மணி நேரத்துல ரெண்டா பிரிஞ்சு ஸ்பெர்மட்டிட் ஆயிரும், அதுதான் அப்புறம் வால் மொளைச்சு விந்தணு ஆகுது. எலிக்கு நாள் கணக்கு கம்மி, ஆனா கதை அதேதான். அதனால பிரைமரிய மொதல்ல புடி, குழல்லயே பெரிய உருண்டை, நியூக்ளியஸுக்குள்ள நூல்கண்டாட்டம் சிக்கலா இருக்கும். அப்புறம் ஓரத்துல வெளிறிப்போன நியூக்ளியஸு, நடுவுல கருப்பா ஒரே ஒரு புள்ளி, அது செர்டோலி, வளர்ற விந்தணுவத் தாங்கி ஊட்டற செல்லு, அதை ஸ்பெர்மட்டோகோனியான்னு எழுதித்தான் பாதிப் பேரு மார்க்க விடறாங்க. குழலுக்கும் குழலுக்கும் நடுவுல முக்கோண சந்துல ரோஸ் கலர்ல கும்பலா நிக்கறது லெய்டிக் செல்லு. ஆண் ஹார்மோன் அங்கதான் சுரக்குது. காயடிச்ச காளை பூச்சிக்காளையாட்டம் முட்டாம சாதுவா போறது இந்த சந்து செத்துப்போறதுனாலதான்.

அந்தியூர்_அக்கா:
ஓவரி பத்தி நான் சொல்றேன் கண்ணு. ஜெர்மினல் எபிதீலியம்ங்கற பேரே தப்புப் பேரு, அந்தக் காலத்துல அதுலருந்துதான் முட்டை வருதுன்னு நெனச்சு வெச்சது, மாத்தாம விட்டுட்டாங்க. நெசமா முட்டையாவோ விந்தாவோ ஆகப்போற ஆதி ஜெர்ம் செல்லு ஓவரில பொறக்கறதே இல்ல. மனுஷக் கருவுல யோக் சாக்ங்கற, கருவோட ஒட்டியிருக்கற பையோட சுவர்ல இருந்து குடல் ஓரமா ஊர்ந்து அஞ்சாறு வாரத்துல அங்க வந்து குடியேறுது, ஆணுக்கும் இதேதான். பொண்ணுன்னா வயித்துக்குள்ள இருக்கறப்பவே பெருகி அஞ்சாம் மாசத்துல 60, 70 லட்சம் ஆகும், பொறக்கறப்ப 10-20 லட்சம், வயசுக்கு வர்றப்ப 3-4 லட்சம், வெளிய வர்றது மொத்தமே 400 சொச்சம். மீதி ஃபாலிக்கிளோடயே (முட்டையும் அதைச் சுத்துன செல்லும் சேந்தது) கரைஞ்சு போகுது. அது எல்லாமே பொறக்கறதுக்கு முந்தியே மியோசிஸ ஆரம்பிச்சு பாதியில நின்னதுங்க, நாப்பது வயசுல வர்ற முட்டை நாப்பது வருஷமா அப்படியே நின்னது. பூனை ஸ்லைடுல வெளிவரிசைக்குக் கீழ பட்டையா சின்னச் சின்ன ஃபாலிக்கிள் நெருக்கிட்டு இருக்கும் பாரு, தட்டையா ஒத்தை வரிசை செல்லு சுத்தியிருக்கும், அது அந்த இருப்புதான்.

நாமக்கல்_பண்ணை:
நாங்க படிக்காதவங்கதான், ஆனா முட்டை விட்டுட்டு இருக்கற கோழிய அறுத்தா உள்ள கொத்தா திராட்சையாட்டம் மஞ்சக்கரு, பெருசு சிறுசுன்னு அளவு வாரியா தொங்கும், அதுவும் இடது பக்கம் மட்டும். ஓவரின்னா அதானுங்களே?

பழைய_லேப்காரர்:
அதேதானுங்க, கோழிக்கு வலது ஓவரி வளர்றதில்ல. அந்த மஞ்சக்கரு ஒவ்வொன்னும் ஒத்தை செல்லு. ஆனா தம்பி, அதை வெச்சு பாலூட்டியோட முத்துன ஃபாலிக்கிளான கிராஃபியன் ஃபாலிக்கிள வரைஞ்சறாத, கோழி ஃபாலிக்கிள்ல தண்ணி நெறஞ்ச குழியே கெடையாது, முட்டை போன எடத்துல உண்டாகற கார்பஸ் லூட்டியமும் வராது.

கோபி_தமிழ்மீடியம்:
ரொம்ப நன்றிங்ணா, அக்கா. திரும்ப வெச்சுப் பாத்தேன், செர்டோலி அந்தக் கருப்புப் புள்ளியோட பளிச்சுனு தெரியுது, நேத்து வரைக்கும் அதையுந்தான் ஸ்பெர்மட்டோகோனியான்னு எண்ணிட்டு இருந்தேன். அப்ப படத்துல செகண்டரிய வரையறதா விடறதா?

பழைய_லேப்காரர்:
பிரைமரிக்கு உள்பக்கமா, அதைவிடச் சின்னதா ரெண்டே ரெண்டு போடு. மேடம் ஸ்லைடுல காட்டுன்னு கேட்டா பஸ்ஸு போயிருச்சுங்கன்னு சொல்லிராத.