சிலம்பப் பயிற்சிக்கு வாளும் சுருள்வாளும்: ஊரிலிருந்து கொண்டுவரலாமா?

யீஷூன் கம்பு கேட்டது:

வணக்கம். ஆறு ஆண்டுகளாகச் சிலம்பம் கற்றுவருகிறேன். கம்பும் செடிகுச்சியும் (குட்டைக் கம்பு) ஓரளவு கைவந்துவிட்டதால், இனி வாள்வீச்சையும் சுருள்வாளையும் (வளைந்து சுருளும் மெல்லிய தகட்டு வாள்) தொடங்கலாம் என்று ஆசான் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் மதுரைக்குச் செல்லும்போது அங்குள்ள பட்டறை ஒன்றில் மழுங்கலான வாள் ஒன்றும் சுருள்வாள் ஒன்றும் அடித்து வாங்கி, பெட்டிக்குள் வைத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர எண்ணியுள்ளேன். கூர் இல்லாத பயிற்சிக் கருவிக்கும் அனுமதி வேண்டுமா? வீட்டிலிருந்து சமூக மன்றத்துக்கு ரயிலில் போய்வரும்போது அதைத் தோளில் மாட்டிக்கொள்ளலாமா?

ஏட்டுச்சுரைக்காய்:

உங்கள் கேள்வியில் இரண்டு தனித்தனிச் செய்திகள் கலந்துள்ளன. ஒன்று, வாளை நாட்டுக்குள் கொண்டுவருவது. துப்பாக்கி, வெடிபொருள், ஆயுதம் ஆகியவற்றுக்கு இங்கு 1913ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருந்துவந்தது. அதற்குப் பதிலாக நாடாளுமன்றம் 2021இல் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. வாள் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ஆகையால் காவல்துறையின் உரிமப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் பதில் பெறாமல் பட்டறைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

மற்றொன்று, பொது இடத்தில் கையில் வைத்திருப்பது. இதற்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உள்ளது. தாக்கப் பயன்படுத்தினால் காயம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும் அதன் பார்வையில் தாக்கும் ஆயுதமாகலாம் என்பதால், கூர் இல்லை என்ற வாதம் உங்களுக்குப் பெரிதாகக் கைகொடுக்காது. கம்புக்கும்கூட இது பொருந்தும். சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இன்றி வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறையும், அதோடு பிரம்படியும் விதிக்க இடமுண்டு. பயிற்சிக்குச் செல்வது சட்டபூர்வமான நோக்கம்தான். ஆனால், பயிற்சி முடிந்தபின் அதே வாளுடன் காப்பிக்கடையில் இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருப்பவர் அந்த நோக்கத்தை எப்படி எடுத்துச்சொல்வார்?

பழைய மாணவன்:

மேலே சொன்னதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஊரிலிருந்து சுருள்வாளைச் சுருட்டி, வேட்டிக்குள் பொதிந்து கொண்டுவந்தேன். விமான நிறுவனம் பெட்டியை ஏற்றுக்கொண்டதையே அனுமதி என்று நினைத்தது என் மடமை. கூரான பொருளைக் கைப்பையில் வைக்கக்கூடாது என்பது விமானப் பாதுகாப்புக்கான விதி. இங்கு இறங்கியபின் தேவைப்படும் அனுமதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஊடுகதிர்ச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் வாள் அங்கேயே தங்கிவிட்டது. நான் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வீடு திரும்பினேன். அனுமதிக் கடிதம் கையில் இருந்தாலும் சுங்கச் சோதனையில், அறிவிக்க எதுவும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் நழுவாமல், சிவப்பு வழியில் சென்று நீங்களே அறிவித்துவிடுங்கள்.

இன்னொன்று. சிலம்பத்தில் கையாளும் மான்கொம்பு ஆயுதத்தை வாங்கும் ஆசையும் இருந்தால் உண்மையான கொம்பைத் தொடவே வேண்டாம். அது இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் போய் மாட்டும்.

கம்படி ஆசிரியர்:

தம்பி, வாளைச் சொந்தமாக வாங்க இவ்வளவு அவசரம் எதற்கு? முதல் ஆண்டில் சுருள்வாள் மாணவனுக்குத் தேவையே இல்லை. நான் கயிற்றில்தான் தொடங்கிவைப்பேன். மணிக்கட்டு நின்றுவிட்டால் தகடு வளைந்து சுழற்றுபவரின் முதுகையே தேடி வரும் என்பதைக் கயிறு தழும்பில்லாமல் கற்றுக்கொடுத்துவிடும். வாள்வீச்சுக்கு மரவாள் போதும். ஜப்பானிய வாள்கலை பயில்வோர்கூட மரவாளையும், கூர் தீட்டாத கலப்புலோக வாளையும் கொண்டே பல ஆண்டுகள் பயில்கிறார்கள்.

உலோக வாள் கட்டாயம் வேண்டும் என்ற நிலை வரும்போது, குழுவின் பெயரில் ஆசானே உரிமப் பிரிவை அணுகட்டும். வாளைப் பயிற்சிக்கூடத்திலேயே பூட்டிவைக்க முடிந்தால் ரயில் கேள்விக்கே இடமிராது. மரவாளையும் கம்பையும் கொண்டுசெல்லும்போது உறையிலிட்டுக் கட்டி, வகுப்பு நேரம் குறித்த ஆசானின் கடிதத்தை உடன் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து நேரே வகுப்புக்கும் வகுப்பிலிருந்து நேரே வீட்டுக்கும் செல்லுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு மின்தூக்கியில் அக்கம்பக்கத்தார் பதறாமல் இருப்பதற்கும் அந்த உறை உதவும்.

யீஷூன் கம்பு:

மூவருக்கும் நன்றி. பட்டறைக்காரரிடம் இன்றே பேசி வேலையை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டேன். ஆசிரியர் ஐயா, கயிறு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

கம்படி ஆசிரியர்:

கையை நீட்டிப் பிடித்தால் நுனி தரையைத் தொடும் அளவு. நுனியில் ஒரு முடிச்சுப் போடுங்கள்.