பயிற்சித் திரையில் 'ஃபார்ம்': 'பதம்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மிதிவண்டி அணி மேலாண்மை விளையாட்டின் பயிற்சித் திரையைத் தமிழாக்கி வருகிறேன். சென்ற மடலில் அனுப்பிய பட்டியலில் 'ஃபார்ம்' (வீரர் அந்த நேரத்தில் பந்தயத்துக்கு எவ்வளவு தயாராக இருக்கிறார் என்ற நிலை) என்பதற்கு நேரே கேள்விக்குறி போட்டிருந்தேன். வந்த பரிந்துரைகள் இரண்டு:

> ஆட்டத்திறன். விளையாட்டுச் செய்திகளில் பழகிய சொல்தானே?

> பக்குவம். ஒரே சொல், எல்லோருக்கும் புரியும்.

இரண்டையும் திரையில் இட்டுப் பார்த்தேன். இரண்டுமே ஒட்டவில்லை. காரணம் இந்த விளையாட்டின் விதிகளில் இருப்பதால் முதலில் அவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொரு வீரருக்கும் மலையேற்றம், விரைவோட்டம், தனிநேர ஓட்டம் என்று பல திறன்கள். ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் பயிற்ற முடியும். திறன் எண் கூடக் கூட அடுத்த புள்ளிக்கு ஆகும் பணமும் கூடும். 60இலிருந்து 61க்குப் போவது எளிது, 75இலிருந்து 76க்குப் போவதற்குள் அணியின் பை காலியாகிவிடும். இளையவர் சீக்கிரம் ஏறுவார், வயதானவர் அதே பணத்துக்குக் கொஞ்சம்தான் ஏறுவார். நிஜத்திலும் ஏறக்குறைய இப்படித்தான். புதிதாக ஓட்டத் தொடங்கியவர் சில மாதங்களிலேயே வெகுதூரம் முன்னேறுவார். உச்சத்தில் இருப்பவர் சின்ன முன்னேற்றத்துக்கே ஒரு பருவம் முழுக்க உழைக்க வேண்டும். இதுவரை சொல் சிக்கல் எதுவும் இல்லை.

சிக்கல் அடுத்த விதியில்தான். பயிற்சி பணத்தை மட்டும் எடுப்பதில்லை, வீரரின் உடலிலிருந்தும் எடுக்கிறது. அதற்காகத் திரையில் மூன்று பட்டைகள் இருக்கின்றன: ஃபிட்னஸ், ஃபட்டீக், ஃபார்ம். மூன்றும் சும்மா பக்கத்தில் பக்கத்தில் வைத்தவை அல்ல. 1970களில் எரிக் பானிஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த கணக்கு இதன் அடியில் இருக்கிறது. ஒவ்வொரு பயிற்சியும் உடலில் இரண்டு தடங்களை விடுகிறது. ஒன்று வலு (ஃபிட்னஸ்), மெல்ல ஏறி மெல்லக் கரையும். மற்றது அசதி (ஃபட்டீக்), சட்டென்று ஏறி சட்டென்று வடியும். இன்றைய பயிற்சி மென்பொருள்கள் வழக்கமாக முதலாவதை 42 நாள் கணக்கிலும் இரண்டாவதை 7 நாள் கணக்கிலும் சராசரி பார்க்கின்றன. வலுவிலிருந்து அசதியைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஃபார்ம். பெரிய பந்தயத்துக்கு முந்தைய ஓரிரு வாரங்களில் வீரர்கள் பயிற்சியைக் குறைப்பதும் இதற்காகத்தான். வலு அவ்வளவாகக் குறையாது, அசதி மட்டும் வடிந்துவிடும்.

இப்போது 'ஆட்டத்திறன்' ஏன் சரிவராது என்பது புரியும். திறன் என்ற சொல்லை மலையேற்றத் திறன், விரைவுத் திறன் என்று ஏற்கெனவே பயன்படுத்திவிட்டோம். 80 மலையேற்றத் திறன் உள்ளவர் ஒரு வாரம் நன்றாகவும் அடுத்த வாரம் மோசமாகவும் ஓட்டுவார். அவர் திறன் அப்படியே இருக்கும். 'பக்குவம்' எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் பக்குவம் ஒருமுறை வந்தால் தங்கிவிடும். பக்குவப்பட்டவர் அடுத்த மாதம் பக்குவமற்றவர் ஆவதில்லை. நமக்கு வேண்டியது வந்து போகும் ஒன்று.

அதனால் 'பதம்' என்கிறேன்.

உழவுக்கு மண் பதமாக இருக்கிறது என்கிறோம். ஈரம் கூடினாலும் பதம் போச்சு, காய்ந்தாலும் போச்சு. நடுவில் சில நாள்தான் அது கிடைக்கும். மூன்று வாரம், 21 கட்டம் ஓடும் பெரும் பந்தயத்துக்கு ஒரு வீரரைத் தயார் செய்வதும் இதே வேலைதான். பயிற்சி குறைந்தால் பதம் வராது, மிஞ்சினால் தப்பிவிடும். 'பதம் தப்பிவிட்டது' என்ற வழக்கு நம்மிடம் தயாராகவே இருக்கிறது. மிகைப்பயிற்சியால் வீரர் சரிந்தால் திரையில் தோன்ற வேண்டிய செய்தியை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வரக்கூடிய மறுப்புகளையும் யோசித்தேன். பதம் என்றால் சொல் என்று நன்னூலே பதவியல் வைத்திருக்கிறது. நாட்டியத்திலும் பதம் உண்டு. ஆனால் வலு, அசதி என்ற பட்டைகளுக்குக் கீழே பதம் என்று இருந்தால் அதை யாரும் பகுபதம் என்று படிக்கப் போவதில்லை. 'கத்தி கையைப் பதம் பார்த்தது' என்ற வழக்குதான் கொஞ்சம் உறுத்துகிறது. எனவே பொத்தானில் 'பதம் பார்' என்று எழுதக் கூடாது, 'பதநிலையைக் காட்டு' என்று எழுதலாம். அளவிட முடியாததை எப்படி எண்ணில் காட்டுவது என்று கேட்பவர்களுக்கு, ஈரப்பதம் 70 விழுக்காடு என்று நாம் அன்றாடம் படிக்கிறோமே, அதுவே பதில். ஏறி இறங்கும் அளவுக்குப் பதம் ஏற்கெனவே பழகிய சொல்தான். இதே விளையாட்டின் வானிலைத் திரையிலும் ஈரப்பதம் வருகிறது. அது வேறு திரை என்பதால் குழப்பம் வராது என்று நம்புகிறேன்.

'ஃபார்ம்' என்றே விட்டுவிடலாம், கிரிக்கெட்டில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள் என்ற கருத்தையும் மதிக்கிறேன். ஆனால் அங்கே ஃபார்ம் என்பது அண்மையில் எடுத்த ஓட்டங்களை வைத்துச் சொல்வது. இங்கே ஒரு பந்தயம்கூட ஓடாமல் மலை முகாமில் இருந்துவிட்டு நேரே வருபவருக்கும் உச்ச ஃபார்ம் இருக்கலாம். அதே சொல்லை வைத்தால் வாசகர் வெற்றிக் கணக்கைத் தேடுவார்.

அப்புறம், 'காஸ்ட்' பற்றி. பட்டியலில் 'பயிற்சிக் கட்டணம்' என்று நானே எழுதியிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன். கட்டணம் என்றால் கற்பவர் கட்டுவது. 'பயிற்சிக் கட்டணம் 4,000' என்று பார்ப்பவர் அது அணிக்கு வரும் வரவு என்றுகூட நினைக்கலாம். இங்கே கொடுப்பது அணி, எனவே 'பயிற்சிச் செலவு'. ஆங்கிலத் திரையில் உடல் இழப்பதற்கும் அதே காஸ்ட் என்ற சொல்தான், நாம் பிரித்துவிடலாம். அணியின் பணம் போவது செலவு, வீரரின் உடல் தாங்குவது சுமை. 'செலவு 4,000, சுமை 12' என்று இருந்தால் எது எந்தக் கணக்கில் கழிகிறது என்று விளக்கக் குறிப்பே வேண்டாம். அகப்பாடல்களில் செலவு என்றால் பயணம். சாலையில் ஓடும் விளையாட்டுக்கு அந்தப் பழைய பொருளும் பின்னால் இருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

'ரைடர்' என்பதற்கு வீரர் போதும். ஓட்டுநர் என்றால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது.

திரையில் இப்படி வரும்:

வலு 82, அசதி 31, பதம் 51.
இந்த வாரப் பயிற்சி: மலையேற்றம். செலவு 4,000, சுமை 12.
எச்சரிக்கை: இன்னும் ஒரு வாரம் இதே சுமையில் போனால் பதம் தப்பும்.

அசதியா, களைப்பா, சோர்வா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. சோர்வு மனத்தையும் குறிக்கும் என்பதால் தள்ளினேன். களைப்பு ஓய்வெடுத்ததும் போய்விடும் சின்ன விஷயம்போல ஒலிக்கிறது. நாள்கணக்கில் உடம்பில் தங்குவதற்கு அசதிதான் நெருக்கமாகப் பட்டது. இதைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள், அந்தப் பட்டையை மட்டும் மாற்றிவிடுகிறேன்.