வேலையில இருந்துகிட்டே வேற வேலை தேடுறது, தூக்கமே போச்சு

ஓஎம்ஆர்வாசி:
மக்களே ஒரு யோசனை சொல்லுங்க. சோழிங்கநல்லூர்ல சப்போர்ட் ப்ராஜெக்ட், யூஎஸ் ஷிஃப்ட், வீட்டுக்கு வந்து படுக்கவே விடிஞ்சிரும். நௌக்ரி வேலை சைட்ல ப்ரொஃபைல அப்டேட் பண்ணதுல இருந்து காலைல பத்து மணிக்கே கால் வர ஆரம்பிச்சிடுது, கண்ணு எரிய எரிய எடுத்தா சிடிசி (வருஷ மொத்த சம்பளம்) எவ்ளோ, எவ்ளோ எதிர்பாக்குறீங்கன்னு அதே பாட்டு, வேலைய விட நோட்டீஸ் 90 நாள்னு சொன்னதும் கட் பண்ணிடுறாங்க. ஷிஃப்ட் நேரத்துல இன்டர்வியூ போட்டா ஃபயர் எக்ஸிட் படிக்கட்டுல உக்காந்துதான் பேசுறேன், யாராச்சும் கதவத் தொறந்தா சட்டுனு "ஆமாம்மா, சாப்ட்டேன்மா"ன்னு மாத்திக்குவேன், அந்தப் பக்கம் இருக்கவரு என்ன நினைச்சாரோ. பேசாம பேப்பர் போட்டுட்டு (ராஜினாமா பண்ணிட்டு) நிம்மதியா தேடலாமான்னு இருக்கு. அப்பாவுக்கு சுகர், பிபி, கம்பெனி இன்சூரன்ஸ்லதான் இருக்காரு, அதான் யோசனை.

பழைய ரெக்ரூட்டர்:
ப்ரோ, நான் கன்சல்டன்சில ரொம்ப வருஷம் குப்பை கொட்டினவன். வர்ற கால் எல்லாத்தையும் எடுக்கணும்னு யாரு சொன்னா? எங்களுக்கு டார்கெட் இருக்கும், லிஸ்ட்ல உள்ள அத்தன பேரையும் வரிசையா கூப்பிட்டுகிட்டே போவோம், நீங்க எடுக்கலன்னா அடுத்த நம்பர், அவ்ளோதான். தூங்குற நேரத்துல டூ நாட் டிஸ்டர்ப் போட்டு வீட்டு நம்பர மட்டும் விட்டு வைங்க, எழுந்ததும் "ஜேடி (வேலை விவரம்) அனுப்புங்க, மூணு மணிக்கு மேல பேசலாம்"னு ஒரே மெசேஜ காப்பி பேஸ்ட் பண்ணுங்க. ஜேடி அனுப்ப மாட்டேங்கறவன்கிட்ட பெரும்பாலும் உருப்படியான ஓப்பனிங் இருக்காது. 90 நாளுக்கு, உங்க ஆஃபர் லெட்டர்ல பை அவுட், அதாவது மிச்ச நோட்டீஸ் நாளுக்கு காசு கட்டிட்டு சீக்கிரம் கெளம்புறது, இருக்கான்னு பாருங்க. சில இடத்துல பேசிக் மட்டும் வச்சு கணக்கு போடுவான், சில இடத்துல மொத்த சம்பளம், ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் வரும். புது கம்பெனி அந்தக் காச குடுக்கறதும் உண்டு, ஆனா சீக்கிரமே கெளம்பிட்டா திருப்பிக் கேப்பாங்க.

தயிர்சாதம்:
மச்சி நான் பேப்பர் போட்டுட்டுதான் தேடினேன். நோட்டீஸ்ல இருக்கேன்னு சொன்னா கால் கொட்டும், அது உண்மை. ஆனா கடைசி மாசம் ஆஃபர் கைல இல்லாம இருந்தப்போ சோறு எறங்கல, வீட்ல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுந்தேன். ஈஎம்ஐ இருந்தா இந்த விளையாட்டுக்கே வராத. அப்போதான் 14416க்கு அடிச்சேன், டெலி மானஸ், மனநல ஹெல்ப்லைன், சென்ட்ரல் கவர்மென்ட் 2022ல ஆரம்பிச்சது, ராத்திரி எந்நேரமும் எடுப்பாங்க, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். வேலை வாங்கித் தர மாட்டாங்க 😄 ஆனா மனசு விட்டுப் பேச ஒரு ஆள் கிடைச்சதே அப்போ பெருசா இருந்துச்சு.

மதுரைக்காரி:
தம்பி, அப்பா இன்சூரன்ஸ் விஷயத்த முதல்ல பாருங்க. கம்பெனி மெடிக்ளெய்ம் பொதுவா லாஸ்ட் வொர்க்கிங் டேயோட முடிஞ்சுரும், நோட்டீஸ்ல இருக்கப்பவே யோசிக்கணும். வெளிய புதுசா பாலிசி எடுத்தா ஏற்கெனவே இருக்கற சுகர் பிபிக்கு 3 வருஷம் வரைக்கும் வெய்ட்டிங் போடலாம், அதுவரைக்கும் அதுக்கு க்ளெய்ம் கிடைக்காது. அதே இன்சூரன்ஸ் கம்பெனில குரூப்ல இருந்து தனி பாலிசிக்கு மாத்தச் சொல்லி கேக்கலாம், கடைசி நாளுக்கு முன்னாடியே மெயில் போட்டு வைங்க. பிரீமியம் கூடத்தான் வரும். அப்புறம் தூக்கம் இதே மாதிரி வாரக்கணக்குல கெட்டுப்போனா டாக்டரப் பாருங்க, நைட் ஷிஃப்ட்னா இப்படித்தான்னு விட்ராதீங்க. பகல்ல ஜன்னலுக்கு கெட்டியா திரை போட்டுப் படுங்க, எங்க வீட்டுக்காரர் பழைய பெட்ஷீட்டத்தான் ஆணி அடிச்சு மாட்டியிருக்காரு.

ஓஎம்ஆர்வாசி:
அக்கா ரொம்ப நன்றி, இன்சூரன்ஸ் பத்தி இவ்ளோ தெரியாது. பேப்பர் போடுற ஐடியாவ இப்போதைக்கு தள்ளி வச்சுட்டேன். ரெக்ரூட்டர் ப்ரோ, லெட்டர எடுத்துப் பாத்தேன், பை அவுட் "நிர்வாகத்தின் விருப்பப்படி"ன்னு போட்டிருக்கான், இதுக்கு என்ன அர்த்தம்?

பழைய ரெக்ரூட்டர்:
மேனேஜர் மனசு வச்சாத்தான் விடுவாங்கன்னு அர்த்தம். "பாத்துக்கலாம்ப்பா"ன்னு வாய்ல சொல்றத நம்பி புது எடத்துக்கு ஜாயினிங் டேட் குடுத்துடாதீங்க, ரிலீவிங் டேட் ஹெச்ஆர் மெயில்ல வரட்டும்.