பினியன் ஆயில் சீல் புதுசு போட்டும் திரும்பக் கசியுது, என்ன பார்க்கணும்?

சோழவந்தான் லோடு:
வணக்கம். பழைய டீசல் பிக்கப் ஒண்ணு வச்சிருக்கோம், 2008 மாடல். தோப்புல இருந்து தேங்காயும் வாழைத்தாரும் ஏத்திட்டு மதுரைக்குப் போகும். பின் ஆக்ஸில்ல புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸ்ல இருந்து பின்னால வர்ற நீளத் தண்டு) வந்து சேர்ற இடத்துல ஆயில் கசியுது. ஹவுசிங் முன்பக்கம் பூரா சேறும் ஆயிலுமா அப்பிக் கிடக்கு. போன மழைக்கு முன்னாடிதான் அங்க பினியன் (அந்தத் தண்டு சுத்துற சின்னப் பல்சக்கரம்) சீல் மாத்துனது. லோடோட வேகமா வந்தா கசிவு கூடுது, நிப்பாட்டி வச்சா அவ்வளவா இல்லை. சத்தம் எதுவும் கேக்கல. கிரவுன் பினியன் (உள்ள இருக்கிற பல்சக்கர ஜோடி) போச்சுன்னா செலவு தாங்காது. இன்னொரு சீல் போட்டா நிக்குமா?

மேலூர் பட்டறை:
தம்பி, சீல் வாங்குறதுக்கு முன்னாடி பிரீதரைப் பாருங்க. ஓட ஓட ஹவுசிங் சூடாகி உள்ள இருக்கிற காத்து விரியும். அது வெளிய போறதுக்குத்தான் ஆக்ஸில் மேல அந்தச் சின்ன மூடி. சேறு அடைச்சிருச்சுன்னா காத்துக்கு வேற வழி கிடையாது, சீல் உதட்டைத் தள்ளிக்கிட்டு ஆயிலோட வரும். ஓடுனாக் கூடுது, நின்னாக் குறையுதுன்னு நீங்க சொல்றது இதுக்குத்தான் பொருந்துது. கழட்டி டீசல்ல கழுவி, காத்தடிச்சு மாட்டுங்க.

ஒத்தக்கடை டீசல்:
அண்ணன் சொன்னது சரி. ஆனா அதோட விட்டுராதீங்க. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழட்டிட்டு, அது போல்ட்டுல மாட்டுற பினியன் ஃபிளாஞ்சை மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. கையில ஆட்டம் தெரிஞ்சா பேரிங் போயிருச்சு, எத்தனை சீல் போட்டாலும் நிக்காது. சுத்துற திசையில கொஞ்சம் பிளே இருக்கத்தான் செய்யும், அது பல்லுக்கு நடுவுல இருக்க வேண்டிய இடைவெளி.

அப்புறம் ஃபிளாஞ்சுல சீல் உக்கார்ற வழவழப்பான இடத்துல நகத்தை ஓட்டுங்க. நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளம் இருந்தா புது சீலும் அதே பள்ளத்துலதான் ஓடும். புது ஃபிளாஞ்ச் போடணும், இல்லைன்னா மேல மெல்லிசு ஸ்டீல் ஸ்லீவ் ஏத்தணும். பள்ளம் மறையட்டும்னு லேத்துல கடைஞ்சுறாதீங்க. அளவு சிறுத்துட்டா சீல் பிடிக்காது.

சோழவந்தான் லோடு:
ரொம்ப நன்றிண்ணே. ஃபிளாஞ்சைப் பிடிக்கிற பினியன் நட்டை எவ்வளவு இறுக்கணும்? போன தடவை நீளமான பைப்பைச் சொருகி, முடிஞ்ச மட்டும் இறுக்குனாங்க.

மேலூர் பட்டறை:
அதுதான் எனக்குக் கவலையா இருக்கு. நிறைய வண்டியில ரெண்டு பினியன் பேரிங்குக்கும் நடுவுல நசுங்குற ஸ்லீவ் ஒண்ணு இருக்கும். சிலதுல அதுக்குப் பதிலா ஷிம் (மெல்லிசு வளையத் தகடு) வச்சிருப்பாங்க, எதுன்னு முதல்ல கேட்டுக்கங்க. ஸ்லீவா இருந்து அதிகமா இறுக்கிட்டா, அது நசுங்கி பேரிங்குல அழுத்தம் ஏறும், சூடாகி வெந்து போகும். நட்டைத் திரும்பத் தளர்த்துனாலும் நசுங்குனது நிமிராது, புதுசுதான் போடணும்.

அதனால கழட்டுறதுக்கு முன்னாடியே அளந்துருங்க. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டு போட்டு, சக்கரம், டிரம் எல்லாம் கழட்டி, சின்ன டார்க் ரெஞ்சால (திருகுற பலத்தை அளக்குற ஸ்பேனர்) பினியனைச் சுத்தி இழுவை, அதாவது சுத்த எவ்வளவு பலம் வேணும்னு குறிச்சுக்கங்க. நட்டு, பினியன் முனை, ஃபிளாஞ்ச் மூணுலயும் பஞ்ச்சால ஒரே நேரா புள்ளி வைங்க. மாட்டுறப்ப புள்ளிக்குப் புள்ளி வந்ததும் இழுவை முன்ன இருந்த அளவு, இல்லைன்னா ஒரு துளி கூட, அத்தோட நிறுத்துங்க. ஆனா கையில சுத்துறப்பவே கரகரன்னு இருந்தா சீல் போட்டுப் பிரயோசனமில்லை, பேரிங்கையும் ஸ்லீவையும் மாத்தி முழுசா செட் பண்ணணும்.

ஆயிலை வடிக்கிறதுக்கு முன்னாடி ஊத்துற பிளக் திறக்குதான்னு பார்த்துக்கங்க. அது துருப்பிடிச்சு இறுகியிருந்தா, வடிச்ச பிறகு வண்டி நகராது.

சோழவந்தான் லோடு:
பார்த்தாச்சுண்ணே. பிரீதர் ஒரேயடியா அடைச்சிருந்துச்சு. ஃபிளாஞ்சுல நகம் மாட்டுது. பேரிங் ஆட்டமில்லை, கரகரப்பும் இல்லை, இழுவையும் கம்பெனி சொன்ன அளவுக்குள்ளதான் இருக்கு. ஃபிளாஞ்சு மேல ஸ்டீல் ஸ்லீவ் ஏத்தி, புது சீல் போட்டு, புள்ளிக்குப் புள்ளி இறுக்கிட்டோம். வடிச்ச ஆயில்தான் மோர் மாதிரி வெளுத்து இருந்துச்சு.

ஒத்தக்கடை டீசல்:
தண்ணி போயிருக்கு. வாய்க்காலைத் தாண்டுறப்ப சூடான ஹவுசிங் சட்டுனு குளிரும், உள்ள காத்து சுருங்கி தண்ணியை இழுத்துக்கும். மேனுவல்ல போட்டிருக்கிற ஜிஎல்-5 ரக கியர் ஆயிலை ஊத்துற ஓட்டை மட்டத்துக்கு ஊத்தி, கொஞ்ச தூரம் ஓட்டி, திரும்ப வடிச்சுப் பாருங்க. இன்னும் வெளுப்பு தெரிஞ்சா மறுபடி மாத்துங்க. பிரீதர்ல ரப்பர் ஹோஸ் மாட்டி, ஆக்ஸில் ஏறி இறங்க கொஞ்சம் தொய்வு விட்டு, லோடு பாடிக்கு அடியில உயரத்துல கட்டிருங்க. டிரம்மையும் பாருங்க. அந்த அழுத்தத்துல ஆக்ஸில் சீல் வழியாவும் ஆயில் போயிருக்கலாம். பிரேக் லைனிங் நனைஞ்சிருந்தா கழுவிப் போடாதீங்க, ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.