கையில் குறைந்த பணத்தோடு ஜெர்மனியில் மேலாண்மைப் படிப்பு: எந்தப் பணம் எப்போது வேண்டும்?

காமர்ஸ் அக்கா:
ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் மொத்தச் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். சிக்கனமாக வருகிறவர்களை மாட்டிவிடுவது தேதிகள்தான். எந்தப் பணம் எந்த வாரம் கையில் இருக்க வேண்டும் என்பதை அவரவர் பார்த்தறிந்த வரையில் எழுதுங்கள்.

நான் கட்டணத்திலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலான மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களில், இளநிலையில் படித்த துறையிலேயே தொடரும் எம்.எஸ்சி. படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. எம்.பி.ஏ. அப்படியல்ல. அரசுப் பல்கலைக்கழகமே நடத்தினாலும் அதற்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வணிகப் படிப்புக்குப் பேர்போன மன்ஹைம் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்காலத்திலிருந்து புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர்களுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வைத்திருக்கிறது. பட்டியல் போடும்போதே இவற்றைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

கிரெடிட் கணக்கர்:
அக்கா சொன்ன "அதே துறையில் தொடரும்" என்பதில்தான் விண்ணப்பங்கள் அதிகம் விழுகின்றன. மேலாண்மை எம்.எஸ்சி.க்கு இளநிலையில் வணிகம், பொருளியல், புள்ளியியல் ஒவ்வொன்றிலும் இத்தனை ஐரோப்பிய கிரெடிட் வேண்டும் என்று விதி இருக்கும். ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். பி.இ. முடித்தவருக்கு எவ்வளவு நல்ல மதிப்பெண் இருந்தாலும் வணிகப் பாட கிரெடிட் போதாமல் போய்விடும். அவர்கள் பொறியியலும் மேலாண்மையும் கலந்த படிப்புகளைத் தேடுவது நல்லது.

மதிப்பெண் மாற்றும் கணக்கையும் நீங்களே போட்டுப் பாருங்கள். உச்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, அதை உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். 10-க்கு 8 எடுத்தவருக்குப் பாஸ் 4 என்றால் 2.0 வரும், பாஸ் 5 என்றால் 2.2. ஜெர்மனியில் எண் குறைவாக இருந்தால்தான் நல்லது. இந்தச் சின்ன வித்தியாசத்திலேயே இடம் கைவிட்டுப் போகலாம். மதிப்பெண் பட்டியலில் பாஸ் மார்க் அச்சிடப்படவில்லை என்றால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் கடிதம் வாங்கி இணைத்துவிடுங்கள். பாடத்திட்டப் பக்கங்களையும் இப்போதே சேகரியுங்கள், கல்லூரி அலுவலகத்தில் அதற்கு வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டத்துக்கான பணம்: இந்தியப் பட்டதாரிகளுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்று (பட்டமும் மதிப்பெண்ணும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் சான்று) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இலங்கைப் பட்டதாரிகளுக்கு அது தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களுக்காக வெளிநாட்டு விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பு வழியாக விண்ணப்பித்தால் முதல் படிப்புக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோ. பணம் போய்ச் சேரும்வரை கோப்பைப் பிரிக்கவே மாட்டார்கள். கடைசி நாளில் அனுப்பி ஏமாறாதீர்கள்.

ஈரோடு வங்கிக்காரர்:
பிளாக்டு அக்கவுண்ட், அதாவது வாழ்க்கைச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட முன்கூட்டியே போட்டு வைக்கும் கணக்கு, பற்றி நான் சொல்கிறேன். 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். மாதம் 992 யூரோ வீதம் திரும்பக் கைக்கு வரும். யூரோவை 100 ரூபாய் என்று வைத்தாலே 11.9 லட்சம் ஆகிறது. இங்கேதான் வரிக் கணக்கு குறுக்கிடுகிறது. சொந்தப் பணத்தில் கல்விக்காக அனுப்பும்போது ஒரு நிதியாண்டில் ஒருவர் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு வங்கி டி.சி.எஸ். என்ற வரியை முன்கூட்டியே பிடிக்கும். வரம்பு அனுப்புகிறவரின் பான் எண்ணைப் பொறுத்தது. ஆகவே அப்பா பாதி, அம்மா பாதி அனுப்பலாம். மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் மீதி என்றும் அனுப்பலாம். இரண்டு பேரிடமிருந்து வரும் பணத்தைக் கணக்கு நடத்தும் நிறுவனம் ஏற்குமா என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுங்கள். வங்கிக் கல்விக்கடனிலிருந்து போனால் டி.சி.எஸ். கிடையாது. பிடித்த பணம் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும், கிளம்பும் மாதத்தில் அது கையில் இல்லாமல் போவது சிக்கனக் குடும்பத்துக்குப் பெரிய இழப்பு.

இன்னொன்று. வழியில் இடைநிலை வங்கிகள் கட்டணம் பிடித்து, 11,904-க்குப் பதில் 11,880 போய்ச் சேரும். தொகை குறைந்தால் உறுதிச் சான்று வராது, விசா நேர்காணலுக்குக் கையில் தாள் இருக்காது. எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவருடையது என்ற முறையைத் தேர்ந்தெடுத்து, 50 யூரோ கூடுதலாகவே அனுப்புங்கள்.

கடன் கேட்கப் போகிறவர்களுக்கு: கட்டணமே இல்லாத படிப்புக்கு எதற்குக் கடன் என்று கிளையில் கேட்பார்கள். வாழ்க்கைச் செலவும் கல்விக்கடனில் அடங்கும். சேர்க்கைக் கடிதத்தோடு பிளாக்டு அக்கவுண்ட் விதியையும் அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

லைப்சிக் தம்பி:
அண்ணன் சொன்ன 992 யூரோ, விமானம் இறங்கிய அன்று கிடைக்காது. இங்கே வந்து, நடப்புக் கணக்கு திறந்து, அதன் எண்ணைக் கொடுத்த பிறகுதான் முதல் தவணை. அதற்குள் வாடகை, முன்பணம், செமஸ்டர் பங்களிப்பு (கல்விக் கட்டணம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு செமஸ்டருக்கும் பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் தொகை) எல்லாம் வந்து நிற்கும். பிளாக்டு அக்கவுண்டுக்கு வெளியே குறைந்தது 1,500 யூரோ தனியாக வைத்துக்கொண்டு வாருங்கள் என்பதுதான் என் அழுத்தமான வேண்டுகோள். புதிதாக வருகிறவர்கள் முதல் மாதத்திலேயே கைமாற்று கேட்டு நிற்பதை ஒவ்வொரு அக்டோபரிலும் பார்க்கிறோம்.

முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத அடிப்படை வாடகை. அதை மூன்று மாதத் தவணையாகக் கொடுக்க வாடகைக்காரருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. வீட்டுக்காரர் தானாகச் சொல்ல மாட்டார், கேளுங்கள்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கையெழுத்திட்ட சான்று வேண்டும். "பதிவு செய்ய முடியாது" என்று சொல்லி மலிவாகத் தரும் அறையை எடுக்காதீர்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வராது. வரி எண் இல்லாமல் வேலைக்குப் போனால் பிடித்தம் மிக அதிகமான ஆறாம் வரி வகுப்பில் பிடித்தம் செய்வார்கள். அறையில் மிச்சம் பிடித்தது சம்பளத்தில் போய்விடும். நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லும் விளம்பரம் மோசடி. மாணவர் விடுதிக்கு, சேர்க்கை உறுதியாகும் முன்பே விண்ணப்பிக்க விடும் ஊர்களில் உடனே பெயர் கொடுத்து வையுங்கள்.

பகுதிநேரம்:
வேலை விதி 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். நான்கு மணி நேரம் வரை அரை நாள். பல்கலைக்கழகத் துறையிலேயே உதவியாளராகச் செய்யும் வேலை இந்தக் கணக்கில் சேராது, அதனால் முதலில் அங்கே தேடுங்கள். குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. ஒப்பந்தக்காரர் என்று எழுதி வாங்கும் டெலிவரி வேலை சுயதொழில் கணக்கில் வரும். அனுமதி இல்லாமல் செய்தால் வசிப்பு உரிமைக்கே ஆபத்து.

காப்பீட்டில் ஒரு எச்சரிக்கை. அரசு சார்ந்த மாணவர் காப்பீடு மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகிறது என்பதால் மலிவான தனியார் காப்பீட்டுக்குத் தாவத் தோன்றும். விலக்கு வாங்கித் தனியாருக்குப் போனால், படிப்பு முடியும்வரை மாணவர் காப்பீட்டுக்குத் திரும்ப முடியாது. 30 வயது தாண்டியவர்களுக்கு மாணவருக்கான இந்தக் குறைந்த காப்பீட்டுக் கட்டணமே கிடைக்காது, எம்.பி.ஏ.வுக்கு அனுபவத்தோடு வருகிறவர்கள் இதைக் கணக்கில் சேருங்கள்.

காமர்ஸ் அக்கா:
வானொலிக் கட்டணத்தை, அதாவது பொது வானொலி, தொலைக்காட்சிக்காக வீடுதோறும் கட்ட வேண்டிய தொகையை, யாரும் எழுதவில்லை. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, எத்தனை பேர் இருந்தாலும் ஒன்றுதான். கடிதம் வந்ததும், வீட்டில் ஏற்கெனவே கட்டுகிறவரின் எண்ணைக் குறித்து பதில் அனுப்பிவிட்டு, அவரோடு பங்கு பிரித்துக்கொள்ளுங்கள். பேசாமல் விட்டால் பின்தேதியிட்டு மொத்தமாகக் கேட்பார்கள்.

செமஸ்டர் பங்களிப்பும் ஒருமுறையோடு முடியாது. அடுத்த செமஸ்டருக்கான தொகையை நடப்பு செமஸ்டர் முடியும் முன்பே, பல்கலைக்கழகம் சொன்ன தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால் பெயரை நீக்கிவிடுவார்கள், விசாவும் அதைச் சார்ந்ததுதான். மாதா மாதம் 992 வந்ததும் 50 யூரோவை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.