ஏரி தூர்வாரும்போது அழுகண்ணியைக் காப்பாற்ற என்ன வழி?

கரைமேடு:
வணக்கம். எங்கள் ஊர் செங்கல்பட்டு மாவட்டம். ஏரியின் மேல்புறம் தண்ணீர் ஏறி இறங்குகிற சரளைத் தரையில், ஐப்பசி மழை ஓய்ந்ததும் அழுகண்ணி என்கிற பூச்சி பிடிக்கும் செடி முளைக்கும். தரையோடு ஒட்டி, நாணயம் அளவுக்குச் சிவப்பாக இருக்கும். போன வாரம் குனிந்து பார்த்தேன், இலை மயிரின் பசைத்துளியில் ஒரு கொசு மாட்டி, ஒற்றைக் காலை மட்டும் உதைத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதில் மிதிக்காமல் நடக்க முடியாது, அவ்வளவு கிடக்கும். இப்போது ஒரு பாய் விரிக்கிற இடம்தான் மிச்சம். பாதியைச் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது, மீதியில் மண் அள்ளிவிட்டார்கள். வரும் கோடையில் தூர்வாரி, வண்டலை அங்கேயே கொட்டப்போவதாகப் பேச்சு. பிடுங்கித் தொட்டியில் வைத்துக் காப்பாற்றலாமா?

தாவரப்பித்து:
தயவுசெய்து பிடுங்காதீர்கள். உங்கள் செடி டிரோசெரா பர்மானி என்று நினைக்கிறேன். சத்தில்லாத மண்ணில்தான் அது பிழைக்கும், குறைகிற நைட்ரஜனைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கொள்ளும். குழாய்த் தண்ணீரின் உப்பும் தொட்டி எருவும் அதற்கு விஷம். வண்டலும் அப்படித்தான், மேலே கொட்டினால் விதை மூடிப்போகும், சத்து ஏறிய மண்ணில் புல் மண்டி வெயிலை மறைத்துவிடும். நம் பக்கத்தில் இது கோடையில் காய்ந்துவிட்டு, தூள் மாதிரி விதையாக மேல்மண்ணில் கிடக்கும். தூர்வார வருகிறவர் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். அதனால் செடி இருக்கும்போதே எல்லைக்குக் கல் நட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மூலிகைக்காரர் பேரன்:
தாத்தா மருந்துக்கு எடுக்கும்போது விதை கொட்டும்வரை காத்திருந்து, அதிலும் கொஞ்சம்தான் எடுப்பார். இப்போது வேரோடு வழித்துக்கொண்டு போகிறார்கள். இதில் பேர்க் குழப்பம் வேறு, உவர் நிலத்தில் வரும் கிரெஸ்ஸா கிரெட்டிகா என்ற வேறு செடியையும் அழுகண்ணி என்பார்கள். இந்த இடத்தைக் காக்கச் சொல்லி மனு கொடுத்தால், அதில் தாவரவியல் பேரையும் படத்தையும் சேருங்கள். இன்னொன்று, அந்த இடத்தில் மரக்கன்று நட யாராவது வந்தால் நல்ல மனசோடு வந்தாலும் தடுத்துவிடுங்கள், நிழல் விழுந்தால் இந்தச் செடி போச்சு.

புறம்போக்கு:
சட்டம் பக்கம் ஒரு சிக்கல் இருக்கிறது. 2017 ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே கட்டிய நீர்நிலைகளை ஈரநிலக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஊர் ஏரி பெரும்பாலும் அப்படித்தான் வெளியே நிற்கும். நீங்கள் 2002 பல்லுயிர்ச் சட்டத்தைப் பிடியுங்கள். அதன்படி ஊராட்சியில் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், ஊரின் செடி, உயிர்களைக் குறித்து வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் இந்த இடத்தை எழுதச் சொல்லுங்கள். சனவரி 26 கிராமசபையில் "மேல்புறச் சரளைத் திட்டில் வண்டல் கொட்டக்கூடாது" என்று தீர்மானம் போடவையுங்கள். தூர்வாருவதையே நிறுத்தச் சொன்னால் விவசாயிகள் எதிர்ப்பார்கள், அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு. மண்ணை வேறு பக்கம் கொட்டச் சொல்வதற்கு யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

கரைமேடு:
ரொம்ப நன்றிங்க. தொட்டி யோசனையை விட்டுவிட்டேன். நேற்று சித்தப்பாவோடு போய் எல்லைக்கு ஒன்பது கல் நட்டோம். ஆடு மேய்க்கிற ஆயாவிடம் காட்டினேன், "இதுவா, இது கிழக்கு ஓடை ஓரத்திலும் கிடக்குதே" என்றார். நாளை காலை அவரோடு போய்ப் பார்க்கிறேன், படம் போடுகிறேன்.